செங்கம் ரோட்டு புல்லட் ஏன் தூக்கிப் போடுகிறது?

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரம வாசலில் காலையில் நின்றால் அந்தச் சத்தம் காதில் விழாமல் போகாது. டப்... டப்... டப்... காவி வேட்டி கட்டிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் பழைய புல்லட்டில் மெதுவாகக் கடந்து போவார். பின் சீட்டில் சுருட்டிக் கட்டிய பாய், தோளில் ஜோல்னாப் பை.

1955-ல் உருவான என்ஃபீல்டு இந்தியா, சென்னை திருவொற்றியூரில் செய்த வண்டிகளின் வாரிசு அது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். குளிர்கால சீசனுக்கு வருகிறவர்கள் இதை வாடகைக்கு எடுப்பார்கள், சிலர் விலைக்கே வாங்குவார்கள். சாத்தனூர் அணை, ஜவ்வாது மலை என்று நாலு நாள் சுற்றினால் புகார் வந்துவிடும்: "பள்ளம் மேடெல்லாம் முதுகுல இறங்குது."

உடனே எல்லோரும் கைகாட்டுவது பின்னால் இருக்கும் ஷாக் அப்சார்பரை. ஜோடியாக மாற்றிய பிறகும் வண்டி அப்படியே குதிக்கும். காசு போனதுதான் மிச்சம்.

விவரமான மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வண்டியை ஓட்டிப் பார்ப்பார். ஆளில்லாத இடத்தில் கிளட்சைப் பிடித்து உருளவிடுவார். அதிர்வு அடங்கினால் கோளாறு இன்ஜின் பக்கம். அதைச் சேஸியோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். அடங்காவிட்டால் சக்கரத்தையும் சஸ்பென்ஷனையும் பார்க்க வேண்டும்.

அதில் முதலில் காற்று. 19 அங்குல டயர் போட்ட பழைய 350-க்கு முன்னால் 20, பின்னால் 30 பவுண்டை ஒட்டி இருந்தால் போதும். இரண்டிலும் 35 அடித்துவிட்டு ரோட்டைத் திட்டுகிறவர்கள் நிறைய! டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. அடுத்து ஸ்போக்ஸ். ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் இறுக்கமானது 'டிங்' என்னும்; தளர்ந்தது மந்தமாகச் சத்தம் போடும். ரிம் கோணியிருந்தால் கோட்டம் எடுக்க வேண்டும்.

பிறகு சீட்டை அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். பின்பக்கம் ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் ஷாக் அப்சார்பர் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால் அது போய்விட்டது. அழுத்தினால் இறங்கவே மறுக்கிறதா? முன்பு ஓட்டியவர் இரண்டு பேர் பாரத்துக்காக ஸ்பிரிங்கைக் கடைசிப் படியில் வைத்திருப்பார். அதைக் குறைக்கப் பைசா செலவில்லை. முன்பக்கம் 'டங்' என்று இடித்தால், சீல் வழியாக போர்க் ஆயில் கசிந்து தீர்ந்திருக்கும். குழாயைத் துடைத்த துணியே அதைச் சொல்லிவிடும்.

இதுவரை பார்த்ததெல்லாம் பெரும்பாலும் முதுகுவலி சமாச்சாரம். அடுத்தது உயிர் சமாச்சாரம்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, போர்க்கின் அடிப்பகுதியை முன்னும் பின்னும் இழுத்தால் லொடலொட என்கிறதா? கோன் செட் தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் சிக்கி நின்றால் பால் ரேஸில் குழி விழுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

இந்த ஆட்டத்தோடு ஜவ்வாது மலை வளைவில் இறங்கினால் வண்டி நினைத்த பக்கம் போகாது. மலை வரை போவானேன்? ஆசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் செங்கம் சாலையிலிருந்து வலப்பக்கம் பிரிகிறது கிரிவலப் பாதை. 14 கிலோமீட்டர் சுற்றை வெறுங்காலோடு நடக்கும் பாட்டிகளும் குழந்தைகளும் பௌர்ணமிக்கு மட்டும் வருவதில்லை. தினமும் அங்கே இருப்பார்கள்.

வேலை முடிந்ததும் மெக்கானிக் அந்தப் பாதைக்குள் போவதில்லை. செங்கம் சாலையிலேயே முதலில் தூக்கிப் போட்ட அதே வேகத்தடை மீது, அதே வேகத்தில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டுச் சாவியைக் கொடுப்பார்.

"இப்ப ஓட்டிப் பாருங்க சாமி."