திசை திரும்பியது!

மல்லாங்கிணற்றில் மழை பொய்த்த ஆண்டு அது. மாதந்தோறும் கேபிளுக்குக் கட்டிவந்த பணம் நின்றது. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியும் ஊமையாயிற்று. இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கிடந்த அப்பத்தாவுக்குத்தான் பொழுதே போகவில்லை. அக்காள் தங்கை நாங்கள் இருவரும் உண்டியலை உடைத்தோம்.

தூர்தர்ஷனின் ‘ஃப்ரீ டிஷ்’ சேவை 2004ஆம் ஆண்டு தொடங்கியது. டிஷ்ஷையும் பெட்டியையும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. அருப்புக்கோட்டையில் வாங்கிவந்து அப்பா மாடியில் பொருத்தினார். படம் வரவில்லை!

காரணம் பிறகுதான் புரிந்தது. ஜிசாட்-15 என்னும் செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. எங்கள் ஊருக்கு அது தென்கிழக்கே, நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம்தான் எங்கள் மாடியின்மேல் வேப்பமரம் கவிந்து நிற்கிறது. அடர்ந்த இலைகள் அலையைத் தடுத்துவிடும். மரமோ அப்பத்தா கல்யாணமாகி வந்த புதிதில் நட்டது.

மறைப்பில்லாத இடம் சித்தப்பாவின் மாடி ஒன்றுதான். ஆனால் பாகம் பிரித்தபின் இரண்டாண்டுகளாக இரு வீட்டாருக்கும் பேச்சில்லை. நடுவே சுவர்.

“அவனிடம் போய்க் கேட்க வேண்டாம்” என்றார் அப்பா.

அன்றிரவு அப்பத்தா சொன்னார்: “உங்க தாத்தாவும் ஆன்டெனாவத் தென்கிழக்கத்தான் திருப்புனாரு, ரூபவாஹினி பாக்க. சின்னவன் மாடியில நின்னு திருப்புவான். பெரியவன் கீழ நின்னு ‘தெரியுது, தெரியல’ன்னு கத்துவான்.”

இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது 1982இல். பின்னர் கொடைக்கானலிலிருந்து ஒளிபரப்பு வந்ததும் ஆன்டெனா வடமேற்கே திரும்பியதாம். அந்தப் பழைய ஒளிபரப்பு முறையைத் தூர்தர்ஷன் இன்று பெரும்பாலும் கைவிட்டுவிட்டது.

மறுநாள் அப்பாவுக்குத் தெரியாமல் சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்றோம். வாய் உலர்ந்துபோயிற்று.

“அப்பத்தாவுக்காக, சித்தப்பா...”

அவர் பதில் பேசவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மாடியேறினார்.

டிஷ்ஷை அங்கே மாற்றினோம். சித்தப்பா அதை நூலளவு நூலளவாகத் திருப்பினார். அக்காள் சுவரோரம் நின்றாள். தங்கை பெட்டியருகே நின்றாள். திரையில் அலையின் தரம் பூஜ்யத்திலேயே நின்றது. எங்கள் குரல் கம்மிப் போயிற்று. காட்டிலிருந்து திரும்பிய அப்பா, வாசலில் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று எண் ஏறியது. 20... 45... 60! படம் பளிச்சென்று வந்தது.

“போதும்டா தம்பி, நிறுத்து! தெரியுது!” என்று கத்தியது அப்பாதான்.

மாடியில் சத்தமே இல்லை. பிறகு மெல்லக் கேட்டது: “சரிண்ணே.”

அப்பத்தா திரையைப் பார்க்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் சித்தப்பா வந்து நின்றார். அம்மா இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்தார்.

சுவர் இன்னும் இருக்கிறது. அதன்மேல் ஏறித்தான் டிஷ்ஷின் ஒயர் எங்கள் வீட்டுக்குள் வருகிறது.