பிள்ளைகள் பெயரில் வாங்கினேன்

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். சொந்தக் காசைப் போட்டு வகுப்புக்குச் சாமான் வாங்குகிறவள் என்று எங்கள் வட்டாரத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு எனக்குத் தகுதி இல்லை. வாங்கியது உண்மைதான். வாங்கியதில் பெரும்பகுதி பிள்ளைகளின் கைக்குப் போகவில்லை என்பதும் உண்மை. அதனால் ஒரு பையனுக்கு நேர்ந்த இழப்புக்கு நான்தான் பொறுப்பு.

தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பே இணையக் கடைகளில் பண்டிகைத் தள்ளுபடி தொடங்கிவிடும். பொங்கலை ஒட்டி பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி. அங்கே பத்து விழுக்காடு கழிவு. இடையில் பாரிமுனைப் பக்கம் போனால் ஆண்டர்சன் தெருவில் சார்ட், வண்ணத்தாள் எல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்கும். இவற்றில் எதையும் நான் தவறவிட்டதில்லை. அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான விழாக்கால முன்பணத்தை 2025இல் 10,000 ரூபாயிலிருந்து 20,000 ஆக உயர்த்தினார்கள். வட்டி கிடையாது, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு எடுக்க வேண்டிய துணிமணியைக் குறைத்துக்கொண்டு அதிலும் ஒரு பங்கை 'வகுப்புக்கு' என்று ஒதுக்கினேன். அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் பென்சில், கிரேயான், பயிற்சி நோட்டு ஆகியவற்றின் மேல் இருந்த 12 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீங்கியது. அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். இத்தனைக்கும் பாடநூல், நோட்டு, புத்தகப் பை, கணித உபகரணப் பெட்டி எல்லாவற்றையும் எங்கள் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாமல் தருகிறது. என் வகுப்பில் பென்சில் இல்லாமல் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை.

பிறகு ஏன் வாங்கினேன்? சில நாட்களில் பாடம் எடுபடாது. நான் கேட்கிற கேள்விக்கு முன்வரிசையில் இரண்டு பேர் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த முகங்களோடு வீட்டுக்கு வருவேன். இரவு சமையலறையை ஒழித்துவிட்டுப் போனை எடுத்தால் கண்ணில் படுவதெல்லாம் தீர்வாகத் தெரியும். காந்த எழுத்துகள், சொற்சக்கரம், கைப்பாவை, ஸ்டிக்கர், ஃப்ளாஷ் கார்டு. லேமினேஷன் மிஷின்கூட அப்படி வந்ததுதான், 125 மைக்ரான் கவர்களோடு. ஆர்டர் போட்டவுடன் மனசு லேசாகிவிடும். பிள்ளைகளுக்காக ஏதோ செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குவேன். மறுநாள் அதே பாடத்தை வேறு விதமாக எப்படி எடுப்பது என்று நான் யோசித்திருக்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தை விற்றுத்தான் நிம்மதியை வாங்கினேன்.

பார்சல் வந்ததும் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். 'உங்களை மாதிரி டீச்சர் கிடைக்க அந்தப் பிள்ளைங்க குடுத்து வச்சிருக்கணும்' என்று சக ஆசிரியைகள் எழுதுவார்கள். மறுக்க மாட்டேன். பிறகு அத்தனையும் பீரோவுக்குள் போகும். பிள்ளைகள் தொட்டால் அழுக்காகும், முனை மடங்கும், ஒரு கார்டு தொலைந்தால் செட்டே வீணாகும் என்று பூட்டி வைத்தேன். வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வருகிற நாளில் மட்டும் வெளியே எடுத்து மேசையில் பரப்புவேன். அவர் பாராட்டிவிட்டுப் போனதும் எண்ணிப் பார்த்து உள்ளே வைப்பேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கைப்பாவையைப் பார்த்து, "மிஸ், ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டாள். அப்புறம் தருகிறேன் என்றேன். தரவில்லை.

இனி அந்தப் பையன். ஏழாம் வகுப்பில் இருந்தான். தமிழை நன்றாக வாசிப்பான், ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொல்லிலேயே நின்றுவிடுவான். பன்றிக்கு உரிய ஆங்கிலச் சொல்லையும் 'பெரிய' என்பதற்கு உரிய சொல்லையும் ஒரே மாதிரி வாசிப்பான். அதில் அவன் தவறு எதுவும் இல்லை. 'பல்' என்று சொல்லும்போது தொண்டை அதிர்வதில்லை. 'தம்பி'யில் வரும் பகரத்துக்கு அதிர்கிறது. இரண்டுக்கும் நமக்கு எழுத்து ஒன்றுதான். சொல்லில் அது நிற்கும் இடத்தை வைத்தே ஒலியைத் தெரிந்துகொள்கிறோம். ககரமும் தகரமும் அப்படியே. ஆங்கிலத்தில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து, சொல்லின் முதலிலேயே இரண்டும் வரும். தமிழை ஒழுங்காகக் கற்ற பிள்ளை, கற்ற முறையிலேயே ஆங்கிலத்தையும் வாசிக்கிறது. தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லி, இப்படி ஓர் ஒலியில் மட்டும் வேறுபடும் சொற்களைச் சோடி சோடியாகக் கரும்பலகையில் எழுதி, தினமும் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருந்தால் அவன் தேறியிருப்பான். சாக்பீஸ் போதும். இது தெரியாதவள் இல்லை நான். பள்ளி திறந்த ஜூன் மாதத்திலேயே அவன் சிக்கல் எனக்குப் புரிந்துவிட்டது.

நான் தீபாவளித் தள்ளுபடிக்காகக் காத்திருந்தேன். பெரிய ஃபோனிக்ஸ் கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன், பாதி விலைக்கு வரும் என்று. வந்தது. ஆங்கிலத்தை வீட்டில் பேசும் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த கார்டுகள் அவை. பனிக்கட்டி வீடும் பஞ்சுப் போர்வையும் அழகாக அச்சாகியிருந்தன. இவன் தடுமாறும் அந்த இரண்டு ஒலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் கார்டு ஒன்றுகூட அதில் இல்லை. வாங்கும் முன் அதை நான் பார்க்கவே இல்லை, விலையைத்தான் பார்த்தேன். அப்போதாவது சாக்பீஸை எடுத்திருக்கலாம். கார்டுகளை லேமினேட் செய்துவிட்டுத் தொடங்கலாம் என்று தள்ளினேன். அரையாண்டுத் தேர்வு வந்தது, பொங்கல் வந்தது, புத்தகக் காட்சிக்குப் போய் இன்னும் வாங்கி வந்தேன். அடுத்த ஜூனில் அவன் அப்பா வேலைக்காக வேறு ஊருக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். டி.சி. வாங்கிக்கொண்டு போனான். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமலேயே போனான்.

புத்தகக் காட்சியிலும் இதே தவறுதான். பளபளப்பான அட்டை, எனக்குப் பிடித்த எழுத்தாளர்கள், கழிவு போக நல்ல விலை என்று கனத்த ஆங்கிலப் புத்தகங்களாக அள்ளி வந்தேன். என் பிள்ளைகளால் அவற்றில் ஒரு பக்கம் தாண்ட முடியாது. சென்னையிலேயே 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகளைப் போடுகிறது. தெரிந்த மொழியைப் பிடித்துக்கொண்டு தெரியாத மொழிக்குள் போக அவை நல்ல வழி. மெல்லிய புத்தகங்கள் என்று தாண்டிப் போனேன். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு வாசிப்பு நிலைகளில், தமிழிலும் ஆங்கிலத்திலும் கதைகள் இலவசமாகவே இருக்கின்றன. அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. இலவசமாகக் கிடைப்பதில் வாங்கிய மகிழ்ச்சி இல்லை, ஸ்டேட்டஸில் போடப் பார்சலும் இல்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், அதுதான் காரணம்.

'உன் காசுதானே, யாருக்கு என்ன நஷ்டம்?' என்று என் கணவர் சமாதானம் சொன்னார். காசு என்னுடையது. அதை வைத்து நான் சம்பாதித்த பெயர் அந்தப் பிள்ளைகளுடையது. அவர்களுக்குச் சேர வேண்டிய மணி நேரங்களும் அவர்களுடையவை. அந்த நஷ்டத்தை என்னால் ஈடுகட்ட முடியாது.

இப்போது பீரோவைப் பூட்டுவதில்லை. முதல் வாரத்திலேயே சில கார்டுகள் கிழிந்தன, காந்த எழுத்துகளில் சில காணாமல் போயின. கைப்பாவை கறுத்துப்போய்விட்டது. ஏழாம் வகுப்பில் இந்த ஆண்டும் ஒலி குழம்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மதிய உணவு முடிந்ததும் அவர்களைக் கரும்பலகை அருகே உட்கார வைக்கிறேன். இதனால் பழைய கணக்கு தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

வரும் பண்டிகைக்கு வகுப்புக்கென்று வாங்கக் காத்திருக்கும் ஆசிரியர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: கார்ட்டில் போடும் முன் வருகைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். எந்தப் பிள்ளைக்கு, எந்த வாரம், எந்தச் சிக்கலுக்கு என்று சொல்ல முடியாத பொருளை எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் நாளைக்கே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். கிழிந்தால் கிழியட்டும்.