பெயர் இருந்த பக்கம்

ஒரு நீளமான வாளைக் குட்டையாக்கணும்னா எந்தப் பக்கம் வெட்டுவீங்க? நுனியில்தான் என்று தோன்றும். ஜப்பானில் அப்படிச் செய்யமாட்டார்கள். வாளின் வெட்டும் விளிம்பைக் கடினமாக்க, களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்ப்பது அவர்கள் முறை. அந்தக் கடினப்பட்ட விளிம்பு நுனிவரை ஓடி அங்கே வளைந்து முடியும். நுனியை நறுக்கினால் அது போச்சு. அதனால் அடிப்பக்கம் வெட்டுவார்கள், கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பை. இதற்கு சுரியாகே என்று பெயர்.

சிக்கல் என்னன்னா, வாளைச் செய்த கொல்லர் தன் பெயரைச் செதுக்குவது அந்த இரும்பில்தான்.

14ஆம் நூற்றாண்டின் நன்போகுச்சோ காலத்தில் 90 சென்டிமீட்டரைத் தாண்டிய பெரிய வாள்கள் நிறைய வந்தன. பிறகு போர்முறை மாறியது. தரையில் நின்று சண்டை போடுகிறவருக்கு, இடுப்பில் செருகி சட்டென்று உருவக்கூடிய, 70 சென்டிமீட்டர் அளவிலான வாள் வசதி. பழைய வாளோ அருமையான எஃகு. தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? அடியை வெட்டி, அரத்தால் ராவி, ஆணித் துளையை மேலே புதிதாகப் போட்டுக்கொண்டார்கள். பெயர் முழுசாகப் போகிற அளவு வெட்டினால் ஓ-சுரியாகே.

எல்லோரும் அப்படிச் செய்துவிடவில்லை. சிலர் பெயர் இருந்த துண்டை மெல்லிசாக்கி மறுபக்கம் மடித்து வைத்தார்கள். சிலர் அதைச் சின்னச் சதுரமாக அறுத்தெடுத்து, புதிய அடியில் பதித்தார்கள். கைப்பிடி மாட்டினால் வெளியே தெரியாத பெயருக்காக இவ்வளவு வேலை. அந்தச் சிலரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஓடா நொபுனாகா வேறு ரகம். 1560இல் ஒகெஹசாமா போரில் இமாகவா யோஷிமோட்டோவை வீழ்த்தியபோது அவருடைய வாள் கைக்கு வந்தது. அதைக் குட்டையாக்கி, எந்த நாளில் யாரைக் கொன்று எடுத்தது என்பதையும் தன் பெயரையும் தங்கத்தில் பதிக்கச் செய்தார். அந்த வாள் இன்றும் கியோட்டோவின் கென்குன் கோயிலுக்குச் சொந்தம். செய்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பறித்தவர் பெயர்.

பெயர் போன வாள்களுக்குத் திரும்பப் பெயர் கொடுத்தவர்கள் ஹொன்னாமி குடும்பத்தார். எஃகின் ரேகைகளையும் விளிம்பின் அலையையும் பார்த்து, ‘இது இன்னார் கை’ என்று தீர்ப்புச் சொல்வார்கள். சில வாள்களில் அதையே தங்கத்தில் எழுதினார்கள். மசமுனே வாள்கள் என்று கொண்டாடப்படுகிறவற்றில் பெரும்பாலானவை கையெழுத்து இல்லாதவைதான்.

கேட்க நன்றாக இருக்கிறது: பெயரை வெட்டினாலும் வேலை பேசும். ஆனால் எனக்கு இதில் முழுசாக மனசு ஒப்பவில்லை. பார்த்ததும் அடையாளம் காணும் அளவுக்குத் தனித்துவம் இருந்த மேதைக்குத்தான் இது நடக்கும். தன் ஊர் பாணியில், குறை சொல்ல முடியாத வாள்களை வாழ்நாளெல்லாம் அடித்த ஒரு சாதாரணக் கொல்லர்? அவர் பெயர் அந்தத் துண்டு இரும்பில் மட்டும்தான் இருந்தது. அது போனபின் அவருடைய வாள் ‘இன்ன பள்ளியைச் சேர்ந்தது’ என்ற வரிக்குள் அடங்கிவிடும். நல்ல வாளாக இருந்தால், இன்னும் பெரிய ஒருவர் கணக்கில்கூடச் சேரலாம்.

வாளின் அடியில் பழைய துளைகள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. அவர் போட்ட துளை அதில் ஒன்றாக இருக்கலாம்.