நீதிப் பள்ளத்தாக்கு

"இமயமலைக்குப் போய் வந்தோம்" என்று யாரிடமாவது சொன்னால், உடனே பிறக்கிற கேள்வி, "பத்ரிநாதர் தரிசனம் ஆயிற்றா?" என்பதுதான். "இல்லை" என்கிறோம். "அப்படியானால், கேதாரம்?" "அதுவும் இல்லை!" இதைக் கேட்டதும், காசிக்குப் போயும் கங்கையில் முழுக்குப் போடாமல் திரும்பிய மகா பாவிகளைப் பார்ப்பது போல் எங்களைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வைக்குச் சமாதானம் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாங்கள் நால்வர் ஒரு மோட்டாரை அமர்த்திக்கொண்டு, மே மாத நடுவில் கர்வால் மலைநாட்டுக்குப் போனோம். யாத்திரிகர் கூட்டம் கேதாரத்துக்கும் பத்ரிக்கும் விரைகிற பாதையிலிருந்து விலகி, சோப்தாவின் புல்வெளிகளையும், திபேத்து எல்லையை நோக்கிச் செல்லும் நீதிப் பள்ளத்தாக்கையும் பார்ப்பது எங்கள் உத்தேசம். "நீதி" என்பது அப்பள்ளத்தாக்கின் கோடியிலுள்ள கிராமத்தின் பெயர். நம் தமிழ்ச் சொல்லோடு அது ஒத்திருப்பதைக் கண்டு முதலில் சிரித்தோம். திரும்பி வரும்போது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

சங்கமத்தைத் தாண்டி

ரிஷிகேசத்திலிருந்து ஏறக்குறைய 70 கிலோ மீட்டர் ஏறினால் தேவப்பிரயாகை. குமுறிக்கொண்டு வரும் பாகீரதியும் அலகநந்தையும் இங்கே கலந்த பிறகுதான் நதிக்குக் கங்கை என்ற பெயர் உண்டாகிறது. சங்கமத்துக்கு மேலேயுள்ள ரகுநாதர் ஆலயம் பெரியாழ்வார் பாடிய திவ்யதேசம். ரயிலும் மோட்டாரும் இல்லாத காலத்திலேயே தமிழ்ப் பாடல் இம்மலைகளை எட்டிவிட்டது என்று நினைக்கும்போது, மோட்டாரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த எங்களுக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

2016-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பெருந்திட்டத்தின்படி, நான்கு புண்ணிய ஸ்தலங்களுக்கும் போகும் சுமார் 890 கிலோ மீட்டர் பாதைகளை அகலப்படுத்த முற்பட்டார்கள். அதன் அடையாளங்களை வழியெங்கும் கண்டோம். சாலை விசாலமாயிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அதன் ஒரு பக்கத்தில், செங்குத்தாக வெட்டப்பட்ட மலை, தோலுரித்த மரம் போல் நிற்கிறது.

புல்வெளி

ருத்ரப்பிரயாகையில் கேதாரப் பாதையில் திரும்பி, உகிமடத்தருகே அதையும் விட்டுக் கிழக்கே ஏறினோம். கருவாலி மரங்களுக்கு நடுவே, அந்நாட்டார் "புராஞ்ச்" என்று சொல்லும் மரங்களில் செக்கச்செவேலென்று மலர்கள் எஞ்சியிருந்தன. சுமார் 9,000 அடி உயரத்தில் சோப்தா. அங்கிருந்து மூன்றரைக் கிலோ மீட்டர் கல் பாவிய பாதையில் நடந்தால் பஞ்ச கேதாரங்களில் ஒன்றான துங்கநாத். கோயில் இருப்பது சுமார் 12,000 அடி உயரத்தில். பத்து அடி நடப்பதும், "காட்சியை ரசிக்கிறோம்" என்ற பாவனையில் நின்று மூச்சு வாங்குவதுமாக ஏறிச் சேர்ந்தோம்.

மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே, பனிக்கோட்டுக்குக் கீழே, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும் இந்த வெளிகளைப் "புக்யால்" என்கிறார்கள். பார்வைக்குச் சாதாரணப் புல்தான். ஆனால் வருஷத்தில் பல மாதங்கள் பனியின் கீழ் கிடந்து, எஞ்சிய சில மாதங்களுக்குள் முளைத்து, பூத்து, விதைத்து முடிக்க வேண்டிய புல் அது. அதன் வேர்ப்பின்னல்தான் மெல்லிய மண்ணைச் சரிவில் பிடித்து நிறுத்துகிறது. பனிநீரை உறிஞ்சி மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. ஓரிடத்தில் அப்பின்னல் கிழிந்தால், அடுத்த மழை அந்தக் கிழிசலை ஓடையாக்கிவிடும். இதை உத்தேசித்தே 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட ஹைகோர்ட்டார், புக்யால்களில் இரவு தங்கலாகாது என்று உத்தரவிட்டார்கள். பாதையைவிட்டுக் குறுக்கே இறங்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கோஷ்டியைப் பார்த்து நாங்கள் முகம் சுளித்தோம். சற்று நேரத்துக்கு முன் நாங்களும் அதையே செய்தோம் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

மட்டையா, ஏரா?

சோப்தாவிலிருந்து கோபேசுவரம் போகும் வழியில், அடர்ந்த காட்டைக் கடந்ததும் மண்டல் என்ற சிறு கிராமம் வருகிறது. பலகாரக் கடையும் தேநீருமாக மற்ற எந்த மலைக்கிராமத்தையும் போல்தான் இருக்கிறது. ஆனால் சுதந்திர பாரதத்தின் சரித்திரத்தில் இதற்கு ஓர் இடம் உண்டு.

கோபேசுவரத்தில் சண்டி பிரசாத் பட் முதலிய காந்தியத் தொண்டர்கள் 1964-இல் ஒரு கிராம சுயராஜ்ய சங்கத்தை அமைத்திருந்தார்கள். உழவுக் கருவிகள் செய்வதற்காக, "அங்கு" என்னும் மரங்களில் சிலவற்றை அவர்கள் சர்க்காரிடம் கேட்டார்கள். மறுமொழி "இல்லை" என்பது. பிறகு பார்த்தால், டென்னிஸ் மட்டை செய்வதற்காக அதே ஜாதி மரங்கள் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன! குடியானவனுடைய ஏருக்கு இல்லாத மரம், பட்டணத்துப் பந்தாட்டத்துக்கு இருந்தது. 1973 ஏப்ரலில் கிராமத்தார் மேளம் கொட்டிக்கொண்டு திரண்டார்கள். வெட்ட வந்தால் மரத்தைக் கட்டிக்கொள்வோம் என்றார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். "சிப்கோ", அதாவது "ஒட்டிக்கொள்", என்ற சொல் உலகமெங்கும் பரவியதற்கு இந்தச் சிறு கிராமமே ஆரம்பம்.

இருபத்தேழு பெண்கள்

சமோலியைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் சாலையில் கற்கள் சரிந்து கிடந்தன. இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். "இந்த இடத்தில் முன்பெல்லாம் கல் விழுந்து நான் பார்த்ததில்லை, பாபுஜி" என்றார் எங்கள் மோட்டாரோட்டி. தாமதத்தைப் பற்றி நாங்கள் முணுமுணுத்தோமே தவிர, மலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜோஷிமடம் ஆதிசங்கரர் பெயரோடு சேர்ந்த க்ஷேத்திரம். பழைய மலைச்சரிவின் இடிபாடுகள் மீதே இந்நகரம் அமைந்திருப்பதால் பாரமான கட்டிடங்கள் கூடாது என்று 1976-இலேயே ஒரு கமிட்டி எச்சரித்தது. 2023 ஜனவரியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்களில் வெடிப்புக் கண்டது. அங்கே பத்ரிப் பாதையை விட்டு, தௌலிகங்கையின் கரையோடு திரும்பினோம். தபோவனத்து வெந்நீர் ஊற்றுக்களைக் கடந்தால், ரிஷிகங்கை வந்து கலக்கும் இடத்தில் ரேணி கிராமம்.

1962 யுத்தத்துக்குப் பிறகு எல்லைக்குச் சாலைகள் போடப்பட்டன. தேசத்தின் பாதுகாப்புக்கு அவை அவசியமானவை. ஆனால் பட்டாளம் போன அதே சாலையில் காட்டுக் குத்தகைதாரர்களும் வந்தார்கள். 1970 ஜூலையில் அலகநந்தையில் வந்த பெருவெள்ளம், மொட்டையான மலையில் மழை என்ன செய்யும் என்பதை ஜனங்களுக்குக் கற்பித்தது. நாலு வருஷத்துக்குள் கோடரி ரேணிக்கு வந்து சேர்ந்தது. ஏலத்தில் போன மரங்கள் 2,400-க்கும் மேல்.

1974 மார்ச்சு 26. பட்டாளத்துக்காக எடுத்த நிலங்களின் நஷ்டஈட்டை வாங்கிக்கொள்ள ஆண்கள் எல்லாரும் சமோலிக்கு அழைக்கப்பட்டிருந்தார்கள். அந்த நாளாகப் பார்த்து ஆட்கள் காட்டுக்கு ஏறினார்கள். ஒரு சிறுமி கண்டு ஓடிவந்து சொன்னாள். மகளிர் சங்கத் தலைவி கௌராதேவி இருபத்தேழு பெண்களையும் சிறுமிகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டாள். இளவயதில் கணவனை இழந்தவள் அவள். "இந்தக் காடு எங்கள் தாய்வீடு" என்று அவள் சொன்னதன் பொருளை நம் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வசவுக்கும் துப்பாக்கிக்கும் அஞ்சாமல், இரவெல்லாம் மரங்களைக் காத்து நின்றார்கள். ஒரு மரம்கூட விழவில்லை. பின்னர் சர்க்காரே நிபுணர் கமிட்டி அமைத்து விசாரித்து, அப்பிரதேசத்தில் மரம் வெட்டுவதைப் பத்து வருஷத்துக்கு நிறுத்தியது.

மரத்தைக் காத்த ரேணிக்கு ஆற்றைக் காக்க இயலவில்லை. 2021 பிப்ரவரி 7-ஆம் தேதி ரோந்தி சிகரத்திலிருந்து பாறையும் பனியுமாகப் பெயர்ந்து விழுந்து, ரிஷிகங்கையில் பிரளயமாகப் புரண்டு வந்தது. ரேணியிலிருந்த மின்சார நிலையமும், தபோவனத்தில் கட்டிக்கொண்டிருந்த அணையும் சிதைந்தன. இருநூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள் அல்லது காணாமற் போனார்கள். அவ்வருஷமே மழையில் சாலை இடிந்தபோது, அதைத் திரும்பப் போடுவதற்காகக் கௌராதேவியின் சிலையையும் அவ்விடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நதியின் இரைச்சலைக் கேட்டபடி சற்று நேரம் நின்றோம். எங்களில் ஒருவரும் படம் பிடிக்கவில்லை.

கேளாமல் எடுத்தவர்

மேலே போகும் வழியில் துரோணகிரி என்ற கிராமத்துக்கு ஒற்றையடிப் பாதை பிரிகிறது. அக்கிராமத்தார் ஆஞ்சநேயரை வணங்குவதில்லையாம்! சஞ்சீவி மூலிகைக்காகத் தங்கள் தெய்வமான மலையைப் பெயர்த்துக்கொண்டு போனவர் என்று இன்னமும் கோபம். வடைமாலை சாத்துகிற ஊரிலிருந்து வந்த எங்களுக்கு இது விந்தையாயிருந்தது. "லக்ஷ்மணன் உயிரைக் காப்பாற்ற அல்லவா எடுத்தார்?" என்று மோட்டாரோட்டியைக் கேட்டோம். "கேட்டுவிட்டு எடுத்திருக்கலாமே?" என்றார் அவர்.

சுமார் 10,000 அடி உயரத்தில் மலாரி. மரமும் கல்லுமாகக் கட்டிய வீடுகள். பனிக்காலத்தைக் கீழ்ப் பகுதிகளில் கழித்துவிட்டு ஜனங்கள் அப்போதுதான் திரும்பிவந்து, பூட்டிய கதவுகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். வாசலில் கம்பளி நூற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். அவளுடைய தகப்பனார் ஆடுகளின் முதுகில் தானியப் பைகளைக் கட்டிக் கணவாய் வழியே திபேத்துக்கு ஓட்டிச் சென்று, உப்பும் கம்பளியும் கொண்டுவந்தவராம். 1962-உடன் அந்த வியாபாரம் நின்றது.

"மாதாஜி, இந்தச் சாலையால் உங்களுக்கு நன்மையா, கெடுதலா?" என்று எங்களில் ஹிந்தி தெரிந்தவர் கேட்டார்.

"சாலை வேண்டாமென்று யார் சொன்னது, பேட்டா? பிரசவ வேதனையில் துடித்தவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் நாங்கள்" என்றாள் அவள். ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றியது. "ஆனால், மலைக்கு வெடி வைக்கிறவர்கள் சாயங்காலம் இறங்கிப் போய்விடுகிறார்கள். நாங்கள் இங்கேயே தூங்குகிறோம்."

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. இங்கே வந்து அவளிடம் தேநீர் குடிக்க எங்களுக்கும் அந்தச் சாலைதான் வழிவிட்டது.

நீதி கிராமம் அங்கிருந்து இன்னும் சிறிது தூரம். பொழுது சாய்ந்துவிட்டபடியால் மோட்டாரைத் திருப்பினோம். "நீதியை எட்டாமலே திரும்புகிறோமே" என்றார் நண்பர் ஒருவர். வேடிக்கையாகத்தான் சொன்னார்; ஆனால் ரேணிப் பாலம் வரும்வரை யாரும் பேசவில்லை.

இம்மலைகளுக்குப் போக விரும்பும் நேயர்கள் அவசியம் போங்கள். கூட்டமாய்ப் போகாதீர்கள்; பாதையைவிட்டு இறங்காதீர்கள்; கொண்டுபோன குப்பையைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். ரேணியில் ஒரு நாழிகை நில்லுங்கள். "தரிசனம் ஆயிற்றா?" என்று பிறகு யாராவது கேட்டால், ஆயிற்று என்று தாராளமாகச் சொல்லலாம்.