குஞ்சு வருமா, வராதா? வேளாஸ் கடற்கரையில் இரண்டு நாள்

கடற்கரை என்றால் நமக்கு மிளகாய் பஜ்ஜி, தேங்காய் மாங்காய் சுண்டல், பலூன் சுடுவது, குதிரைச் சவாரி எல்லாம் சேர்ந்ததுதான். இதில் ஒன்றுகூட இல்லாத ஒரு கடற்கரைக்குக் குழந்தைகளை அழைத்துப் போனால் சமாளிக்க முடியுமா? தாராளமாக முடியும். மகாராஷ்டிராவின் வேளாஸ் அப்படிப்பட்ட இடம்.

ரத்னகிரி மாவட்டத்தின் வட கோடியில், சாவித்ரி ஆறு அரபிக் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்தச் சின்னக் கிராமம். பேஷ்வாக்களின் அமைச்சராக இருந்த நானா பட்னவிஸின் பூர்வீக ஊர். ஓட்டு வீடுகள், தென்னை, பாக்கு, மாமரங்கள். ஊரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கடல். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்கே வருகிறவர்களுக்கு ஒரே வேலைதான்: முட்டையிலிருந்து வெளிவந்த ஆமைக்குஞ்சுகள் கடலை நோக்கி நடப்பதைப் பார்ப்பது.

நம் பங்குனி ஆமைதான்

இங்கே வருவது ஆலிவ் ரிட்லி. தமிழகக் கரைகளில் பங்குனி ஆமை என்று சொல்வது இதைத்தான். பெண் ஆமை இரவில் கரையேறி, மணலில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போலக் குழி தோண்டி, சுமார் நூறு முட்டைகள் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு எட்டிக்கூடப் பார்க்காது. 45 முதல் 60 நாள் வரை அடைகாப்பது மணலின் சூடுதான். பிறப்பது ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடே முடிவு செய்கிறது. மணல் அதிகம் சூடானால் பெண் குஞ்சுகள் அதிகம்.

இதே வகை ஆமை ஒன்றுக்கு 2021-ல் ஒடிசா கரையில் அடையாளத் தகடு பொருத்தினார்கள். 2025 ஜனவரியில் அது இதே ரத்னகிரி மாவட்டத்தின் குஹாகர் கடற்கரையில் முட்டையிட வந்து நின்றது. வங்கக் கடலிலிருந்து அரபிக் கடலுக்கு! நம் கரையோரமாகவும் அது கடந்து போயிருக்கலாம்.

திருடு போன முட்டைகள்

ஒரு காலத்தில் இந்தக் கரையில் முட்டைகள் பொரிப்பதே அபூர்வம். மனிதர்கள் தோண்டி எடுத்தது போக மிச்சத்தை நாயும் நரியும் தின்றுவிடும். சிப்ளூண் நகரைச் சேர்ந்த 'சஹ்யாத்ரி நிசர்க மித்ர' என்ற அமைப்பு 2002-ல் இங்கே பாதுகாப்பு வேலையைத் தொடங்கியது. ஊர்க்காரர்களே அதிகாலையில் கரை நெடுக நடந்து, ஆமையின் தடத்தைப் பார்த்து முட்டை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். முட்டைகளை உருட்டாமல், புரட்டாமல் எடுத்து, வேலி போட்ட ஓர் இடத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். பொரிக்கும் நாள் நெருங்கியதும் குழியின் மேல் கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள்.

சில ஆண்டுகளில் 'ஆமைத் திருவிழா' தொடங்கியது. பார்க்க வருகிறவர்கள் ஊர் வீடுகளிலேயே பணம் கொடுத்துத் தங்கலாம், சாப்பிடலாம். முட்டையை விற்றால் ஒரு நாள் காசு. குஞ்சு பொரிய விட்டால் ஆண்டுதோறும் வருமானம். சட்டம் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இந்தக் கணக்கு ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாம் கொடுக்கும் சாப்பாட்டுக் காசும் ஆமைக்குக் காவல் என்பது இந்தப் பயணத்தின் அழகு.

"அத்தை, ஆமைக்கு லீவா?"

நாங்கள் போனது மார்ச் கடைசியில். தங்கிய வீட்டு அம்மாவைக் குழந்தைகள் 'காக்கூ' என்று கூப்பிட்டார்கள். மராத்தியில் சித்தி. எங்களுடைய அரைகுறை இந்திக்கும் அவருடைய மராத்திக்கும் நடுவே போஹா, அரிசி மாவு பாக்ரி, கோகம் புளியும் தேங்காய்ப் பாலும் சேர்த்த ஸோல்கடி எல்லாம் வந்துகொண்டே இருந்தன. உகடீச்சே மோதக் வந்ததும் குழந்தைகள், "இது நம்ம கொழுக்கட்டை!" என்று சொந்தம் கொண்டாடினார்கள்.

காலையிலும் மாலையிலும் கூடைகளைத் தூக்கிப் பார்ப்பார்கள். முதல் நாள் மாலை தூக்கினார்கள். வெறும் மணல். மறுநாள் காலையும் வெறும் மணல். அண்ணன் மகளுக்கு எட்டு வயது. "அத்தை, ஆமைக்கு லீவா?" என்றாள். கட்டணம் கட்டினால் உடனே காட்டுவதற்கு இது மிருகக்காட்சி சாலை இல்லையே! அன்று பகல் பாங்கோட் கோட்டைக்குப் போனோம். ஆங்கிலேயர்கள் விக்டோரியா கோட்டை என்று பெயர் வைத்த இடம். மேலே நின்றால் ஆறும் கடலும் கலப்பது தெரிகிறது.

மாலையில் மூன்றாவது கூடையைத் தூக்கியபோது மணல் அசைந்தது. ஏழு குஞ்சுகள். கருகருவென்று, தீப்பெட்டி அளவில். கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், அலைக்குச் சில அடி முன்னால் விட்டார்கள். ஒன்று நின்றது, திரும்பியது, மறுபடி நடந்தது. கடைசிக் குஞ்சை அலை வந்து புரட்டி, கிளம்பிய இடத்திலேயே போட்டது. "ஐயோ, தூக்கி விடுங்களேன்" என்று கூட்டத்தில் பல குரல்கள், பல மொழிகளில். அங்கிருந்த தொண்டர் கையைக் காட்டித் தடுத்தார். குஞ்சு கால்களை உதறி நிமிர்ந்து, மறுபடி நடந்தது. நான்காவது அலை அதைக் கொண்டுபோனது. அண்ணன் மகள் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் தூக்கி விடக் கூடாது? வளர்ந்த பெண் ஆமைகள் தாங்கள் பிறந்த பகுதிக்கே முட்டையிடத் திரும்புகின்றன. அந்த இடத்தின் அடையாளம் பிறந்த புதிதில் மனதில் பதிவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் அதுவரை பிழைக்கும் என்பார்கள். அந்த ஒன்றுக்கு இந்தச் சில அடி நடை தேவைப்படலாம்.

அமைதிக்கும் காரணம் உண்டு

இரவில் நிலத்தைவிடக் கடலின் பக்கம் வெளிச்சமாக இருக்கும். அந்த வெளிச்சத்தை நோக்கித்தான் குஞ்சு நடக்கும். கரையில் பளிச்சென்று விளக்கு எரிந்தால் அது கடல் என்று நினைத்து ஊர்ப்பக்கம் வந்துவிடும். முட்டையிட வரும் தாயும் வெளிச்சம், சத்தம் பார்த்துப் பாதியில் திரும்பிவிடும். எனவே இருட்டும் அமைதியும் வேளாஸின் குறையல்ல. அவை இருப்பதால்தான் ஆமை வருகிறது. நாளை நாம் எல்லோரும் ஸ்பீக்கரும் டார்ச்சுமாகப் போய் நின்றால், இந்த ஊரைக் காப்பாற்றிய சுற்றுலாவே அதைக் கெடுத்துவிடும்.

கிளம்பும் முன்

• சென்னையிலிருந்து ரயிலில் போனால் புனேயில் இறங்கி, காரில் சுமார் 200 கி.மீ. மலைப்பாதை, வாந்தி வரும் குழந்தைகளுக்கு மாத்திரை, எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

• ஹரிஹரேஷ்வர் சிவன் கோயில் வழியாக வந்தால், பாக்மாண்ட்லாவிலிருந்து வேஸ்வி வரை காரோடு படகில் ஏறி ஆற்றைக் கடக்கலாம். குழந்தைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு.

• தங்கும் வீட்டை முன்பே பேசி வையுங்கள். குஞ்சுகள் பொரிக்கத் தொடங்கிவிட்டனவா என்று போனில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்.

• ரொக்கமாகப் பணம் வைத்திருங்கள். கடற்கரையில் கடைகளை எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர், தொப்பி அவசியம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

• போட்டோ எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். குஞ்சைத் தொடக் கூடாது, கயிற்றைத் தாண்டக் கூடாது.

• குழந்தைகளிடம் ஊரிலேயே ஒன்றைச் சொல்லி வையுங்கள்: குஞ்சு வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டாலும் அலையும் கொழுக்கட்டையும் நிச்சயம்.