வணிகத்தின் மௌனமும் ஆணையின் மௌனமும்

இணைய விளையாட்டு நிறுவனங்களின் அறம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 2019 அக்டோபர் நிகழ்வே முதலில் சுட்டப்படுகிறது. ஹாங்காங்கைச் சேர்ந்த ‘ஹார்த்ஸ்டோன்’ ஆட்டக்காரர் பிளிட்ஸ்சங், போட்டி முடிந்து நேரலையில் பேசுகையில் தம் நகரின் விடுதலை முழக்கத்தை எழுப்பினார். அமெரிக்க நிறுவனமான பிளிஸார்டு அவரை ஓராண்டுக்கு விலக்கி, பரிசுத்தொகையையும் பறித்தது. எதிர்ப்பு வலுத்த பின்னர் தடை ஆறு மாதமாகக் குறைந்தது. பரிசுத்தொகையும் திரும்ப வழங்கப்பட்டது. சீனத் தொடர்புகள் இம்முடிவில் பங்கு வகிக்கவில்லை என நிறுவனத் தலைவர் விளக்கமளித்தார். ஆயினும் அதன் ஆட்டங்களைச் சீனாவில் வெளியிட்டது நெட்ஈஸ் நிறுவனம். தாய் நிறுவனத்தில் டென்சென்ட் ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் பங்கு வைத்திருந்தது. அந்த விளக்கம் பலருக்கு நிறைவளிக்கவில்லை.

இக்கதையில் ஒரு வசதி உண்டு. எதேச்சாதிகார அரசு ஒருபுறம், மக்களாட்சி மறுபுறம், நடுவில் பணத்துக்குப் பணியும் நிறுவனம். இந்திய வாசகர் தயக்கமின்றி மக்களாட்சியின் பக்கம் அமர்ந்துகொள்ளலாம். 2020 முதல் 2023 வரை இந்நாட்டில் நிகழ்ந்தவை அந்த இருக்கையைச் சற்றே அசைக்கின்றன.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளிலிருந்து கழிமுகம் கடந்து நெருளுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்து, தெருவில் இந்தியும் மராத்தியும் பேசி வளர்பவர்கள். அவர்களில் சிலருக்கு ‘பப்ஜி மொபைல்’ வெறும் துப்பாக்கி ஆட்டமாக இருக்கவில்லை. நால்வர் அணியில் ஒருவன் நெருளிலும் மற்றவன் திருநெல்வேலியிலும் இருக்க, இருவரும் ஒலிவாங்கி வழியே தமிழில் பேசிக்கொள்ள அது இடம் தந்தது. ஆண்டுக்கொருமுறை கோடை விடுமுறையில் மட்டும் வாய்த்த உறவுமொழி, நாள்தோறும் புழங்கும் மொழியாயிற்று. பேச்சுரிமை என்பது மேடைக்கும் நாளிதழுக்கும் மட்டும் உரியதன்று. இத்தகைய எளிய உரையாடலும் அதனுள் அடங்கும்.

கல்வான் மோதலுக்குப் பின், 2020 செப்டம்பர் 2 அன்று, 118 செயலிகளுள் ஒன்றாக அவ்வாட்டமும் தடைசெய்யப்பட்டது. பயன்பட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. தரவுப் பாதுகாப்புக் குறித்த அச்சம் பொய்யானதென்று கூற இயலாது; அயல்நாட்டு வழங்கிகளில் தன் குடிமக்களின் தரவு எவ்வாறு கையாளப்படுகிறது என்று கேட்பது அரசின் கடமை. இடர் வேறிடத்தில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுத் தடை விதிகளில் 16ஆம் விதி, இது தொடர்பான முறையீடுகளையும் நடவடிக்கைகளையும் மறைபொருளாகக் காக்கச் சொல்கிறது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவை நீக்கிய உச்ச நீதிமன்றம், 69ஏ பிரிவை நிலைநிறுத்தியது. காரணங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும், அவற்றை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலும் என்ற பாதுகாப்புகள் அத்தீர்ப்புக்கு அடிப்படை. ஆணையையே காண முடியாத பயனர் எதனை எதிர்ப்பார்?

நிறுவனங்கள் இக்கேள்வியை எழுப்பியிருக்கலாம். அவை சந்தைக்குத் திரும்பும் வழியையே தேடின. தென்கொரிய உரிமையாளர்கள் இந்திய வெளியீட்டு உரிமையை டென்சென்ட்டிடமிருந்து உடனே திரும்பப் பெற்றனர். நவம்பரில் 10 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தனர். 2021 ஜூலை 2 அன்று கிராஃப்டன் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’வை வெளியிட்டது. அதில் இரத்தம் பச்சை நிறம் பெற்றது. இதே ஆட்டத்துக்கு மாற்றாக 2019 மே மாதம் டென்சென்ட் சீனாவில் வெளியிட்ட ஆட்டத்தில், சுடப்பட்டவர் கையசைத்து விடைபெறுகிறார். இரு அரசுகளின் இயல்பு வேறு. நிறுவனம் கையாண்ட உத்தி ஒன்றே.

அந்த இணக்கமும் காக்கவில்லை. 2022 ஜூலை 28 அன்று ஆட்டம் கூகிள், ஆப்பிள் கடைகளிலிருந்து மறைந்தது; முறையான பொது விளக்கம் வரவில்லை. 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனை ஒப்புதலுடன் திரும்பியபோது, 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம், ஏனையோருக்கு 6 மணி நேரம் என்ற வரம்பும் உடன்வந்தது. சிங்கப்பூர் நிறுவனமான சீயின் ‘ஃப்ரீ ஃபயர்’ 2022 பிப்ரவரியில் தடைக்குள்ளானது; அதன் உடன்பிறப்பான ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ கூகிள் கடையில் தொடர்ந்து கிடைத்தது. ஒன்று ஆபத்தானதென்றால் மற்றொன்று ஏன் அன்று? விடை ஆணைக்குள் இருக்கலாம். ஆணை பொதுவெளியில் இல்லை.

பெய்ஜிங்குக்குப் பணிந்த நிறுவனத்தை மேலைநாட்டினர் வினவ முடிந்தது. பிளிட்ஸ்சங் ஏன் தண்டிக்கப்பட்டார் என்பது அனைவரும் அறிந்ததாக இருந்ததால்தான் ஆட்டக்காரர்களும் அமெரிக்கச் சட்டமன்ற உறுப்பினர்களும் எதிர்த்துப் பேசினர், தண்டனையும் குறைந்தது. காரணம் வெளிப்படையாக இருக்கும்போது கண்டனத்துக்கு ஒரு பிடி கிடைக்கிறது. இந்தியாவில் அப்பிடியே இல்லை. இலாபம் கருதி நிறுவனம் வாய்மூடுகிறது. மறைபொருள் என்று அரசும் வாய்மூடுகிறது. இவ்விரு மௌனங்களுக்கிடையில் பயனருக்குத் தெரிய வருவது திறக்காத செயலி மட்டுமே. பாதுகாப்பு நுணுக்கங்களை மறைத்தேனும் தடைக்கான காரணத்தை வெளியிடுவதும், பெற்ற ஆணை குறித்து நிறுவனம் தன் பயனர்களுக்குத் தெரிவிப்பதும் மிகையான கோரிக்கைகள் அல்ல.

2023இல் ‘ஃப்ரீ ஃபயர் இந்தியா’ அறிவிக்கப்பட்டபோது, தரவை இந்தியாவிலேயே வைத்திருக்க யோட்டா நிறுவனத்துடன் உடன்பாடு செய்யப்பட்டது. யோட்டாவின் பெரும் தரவு மையம் இருக்கும் பன்வேல், நெருளிலிருந்து அதே ஹார்பர் ரயிலில் சில நிலையங்களே தள்ளி. தரவை அவ்வளவு அருகில் கொணர முடிந்திருக்கிறது. காரணத்தைக் கொணர்வதற்கு அதைவிடக் குறைந்த செலவே ஆகும்.