இயக்கும் உரிமை

இம் மலருக்கு வந்த கட்டுரைகளுட் பல பாமினி எழுத்துருவில் அமைந்தவை. பாமினியில் ஆங்கில எம் எழுத்தின் இடத்தில் அகரமும், எஃப் எழுத்தின் இடத்திற் ககரமும் இருத்தலால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசைகளாகவே தோன்றும். அவற்றை யூனிக்கோட்டுக்கு மாற்றும் பணி எம்மைச் சார்ந்தது. இலக்கணம் கற்பிப்பார்க்கு இது பொருந்துமோ என அன்பர் சிலர் நகைத்ததும் உண்டு.

லினக்ஸ் கணினியில், ஈமாக்ஸ் என்னும் உரைதிருத்தியில், மாற்று விதிகளைச் சிறு சிறு ஸ்கிரிப்டுகளாக எழுதினோம். எழுதிச் சேமித்த அளவில் அவை நேரே இயங்கிவிடா. 1969ஆம் ஆண்டிற் பெல் ஆய்வுகூடத்திற் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடக்கிய யூனிக்ஸின் மரபுப்படி, கோப்புக்குப் படித்தல், எழுதுதல், இயக்குதல் என உரிமை மூன்று. புதிதாய் எழுதிய கோப்புக்கு மூன்றாவதைச் 'சிஎச்மொட்' என்னும் கட்டளையால் நாமே வழங்கல் வேண்டும். யாம் அதனை மறப்பதும், 'அனுமதி மறுக்கப்பட்டது' எனக் கணினி மொழிவதும் நாடோறும் நிகழ்ந்தன.

எம்மிடம் முன்னர்ப் பயின்ற இளைஞர் ஒருவர், "சேர், ஒரு வரி சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை" என்றார். ஈமாக்ஸில் அதற்கெனச் செயலொன்று உண்டு. கோப்பைச் சேமிக்குந்தோறும் அது முதலிரு குறிகளை நோக்கும்; அவை #! ஆயின், இயக்கும் உரிமையைத் தானே வழங்கிவிடும். சில வாரம் மகிழ்ந்திருந்தோம்.

ஒரு மாலை, பாதி எழுதிய ஸ்கிரிப்டைச் சேமித்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றோம். எஞ்சும் ஆங்கில எழுத்துக்களை நீக்குக என்னும் இறுதி விதி அதில் இருந்தது. கொம்புகளுக்குரிய விதிகள் இன்னும் இல்லை. மீண்டு வந்து பழைய ஸ்கிரிப்டை இயக்க எண்ணியவர் புதியதன் பெயரை அடித்துவிட்டோம். இரு பெயர்க்கும் ஓரெழுத்தே வேறுபாடு. முன்னெனின் அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். அன்று மறுக்கப்படவில்லை. மூலக் கோப்புக்களிலேயே கோவில் 'காவில்' ஆயிற்று. தேர் 'தர்' ஆயிற்று. படி வைக்காதது எம் பிழையே.

பொதுச்சொற்களை ஊகித்துத் திருத்தினோம். ஆட்பெயர்களை ஊகித்தல் முறையன்று. 'சந்தன்' என நின்றவர் சந்தனோ சேந்தனோ? எண்பது கடந்த பழைய மாணவர் ஒருவரின் கட்டுரையில் அவர்தம் வகுப்புத் தோழர் பெயர்கள் நிரம்பியிருந்தன. பட்டியலோடு அவர் இல்லஞ் சென்று நிகழ்ந்ததைக் கூறினோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, பென்சிலாற் கொம்புகளை ஒவ்வொன்றாய் இட்டுத் தந்தார். ஒரு பெயரில் மட்டும் நெடுநேரம் நின்றார். பின், "ஐயா, இவன் போய்விட்டான், பிழை விடாதேயுங்கோ" என்றார்.

அவ்வரியை அன்றிரவே நீக்கினோம். படி வைத்தலே உரிய காப்பு, உரிமையை மறுப்பதன்று என்பது இளைஞர் வாதம். அதிலும் உண்மை உண்டு. இப்பொழுது படியும் வைக்கிறோம். சிஎச்மொட்டையும் கையாலேயே அடிக்கிறோம்.